மிச்சமிருந்த காது

என் சித்தியின் இடது காதில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. வலது காதில் அப்போது அதுவும் கிடையாது. ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண் மூளிக் காதோடு நடந்து போனால் கோவிலிலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்கள். "ஒன்னு கொடுத்துட்டேன், இன்னொன்னு பாக்கி இருக்கு" என்பார் சித்தி. கேட்டவருக்குப் புரியாது. புரிய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை.

அம்மாவின் ஒரே தங்கை. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பிளாட்டில் தனியாக இருந்தார். எங்கள் குடும்பத்தில் பயந்தாங்கொள்ளி என்று ஒருவரைச் சொன்னால் அது சித்திதான். பூனை குறுக்கே வந்தால் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சித்தி ஸ்டேப்ளரைக் கண்டால் நிற்பார்.

அவர் வீட்டில் கத்தி இல்லை. பீன்ஸைக் கையால் ஒடிப்பார். மீனை, கோழியைச் சந்தையிலேயே வெட்டி வாங்கி வருவார். முறுக்கைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுவார். குழந்தைகள் பல் விளக்கும் பிரஷ்தான் அவருக்கும். தொழிற்சாலைப் பஸ்ஸில் நடுவரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் இடித்துத் தள்ளி இறங்கி முடித்த பிறகு கடைசியாக இறங்குவார். எந்நேரமும் அரக்கு நிறத்திலோ கறுப்பிலோதான் துணி கட்டுவார். அந்த நிறங்கள் அவருக்குப் பிடிக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அவருக்கு ரத்தம் போகும் என்று பிறகுதான் தெரிந்தது.

கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், முகம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். யாருக்கு அடிபட்டாலும் சித்தி காயத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சிகாமட்டில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். சித்தி துண்டை மடித்து அழுத்திப் பிடித்தார். நான் துணியைத் தூக்கிப் பார்க்கப் போனேன்.

"எடுத்துப் பாக்காத. பாக்கணும்னு ஆசையாதான் இருக்கும். நீ பாக்கறப்பதான் பிச்சிக்கிட்டு வரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே எடுத்தார். "மூணு நிமிஷம்கூட ஆகல" என்றார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி என்று அன்றைக்கு நினைத்தேன். கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும்.

ஜொகூரில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு கிடையாது. டெங்கி சொல்லிக்கொடுத்த பாடம் அது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹார்லிக்ஸ் வாங்கப் போவோம். கவுண்ட் இறங்கினால் ஆபத்து, ஏறினால் வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மருத்துவம். சித்திக்கு ரத்தம் நிற்காது என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் பப்பாளி இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சித்தி வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார். அடுத்த முறை நான் போகும்போது இலை வாடி மேசையில் கிடக்கும்.

"குடிக்க வேண்டியதுதானே சித்தி?" என்று ஒருமுறை கேட்டேன். அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கவுண்ட் நல்லாதான் இருக்கு. உனக்கு இருக்கற அளவு எனக்கும் இருக்கு. ஆள் இருக்காங்க, கைதான் இல்ல."

அன்றைக்குத்தான் முழுக்கச் சொன்னார். உடம்பில் எங்காவது அறுந்தால் பிளேட்லெட்டுகள் ஓடிவந்து அந்த இடத்தில் ஒட்டுமாம். ஒட்டினால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று சேர்ந்து அடைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றின் மேலும் கொக்கிகள் உண்டு. இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்தால் ஒரு கொக்கி. ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்று ஒரு நூல் மிதக்கிறது. அதன் ஒரு முனையை ஒரு பிளேட்லெட் பிடிக்கும், மறுமுனையை இன்னொன்று பிடிக்கும். இப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் ஓட்டை அடைபடும். சித்தியின் பிளேட்லெட்டுகளில் அந்தக் கொக்கி இல்லை. எல்லாம் வந்து நிற்கும், எதுவும் எதையும் பிடிக்காது. அதற்குத் திராம்பஸ்தீனியா என்று பெயராம்.

"கொக்கி செய்யறதுக்கு ஒரு குறிப்பு இருக்குமாம், உடம்புக்குள்ள. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு. அப்பா கொடுத்தது ஒன்னு, அம்மா கொடுத்தது ஒன்னு. ஒன்னு கெட்டுப்போனாலும் பரவால்ல, இன்னொன்ன வச்சு ஓட்டிரலாம். வெளிய ஒன்னும் தெரியாது. எனக்கு ரெண்டுமே கெட்டது. ஏன்னா எங்கப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டு ரத்தம்."

தாத்தா தன் சொந்த அக்கா மகளையே கட்டியவர். அவர்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தில் அதுதான் முறை, அதுதான் பெருமையும்கூட. அவர்களுக்கு முதலில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஏழு வயதில் ஒரு பல் விழுந்தது. ரத்தம் இரண்டு நாள் நிற்கவில்லை. பிள்ளை போய்விட்டான். காத்து கருப்பு என்றார்கள். பிறகு அம்மா, அதற்குப் பின் மாமா, கடைசியாகச் சித்தி. சித்திக்கு ஒரு வயதில் காது குத்தினார்கள். இடது காதைக் குத்தியதும் ரத்தம் வழிய ஆரம்பித்தது. காப்பித்தூளை அப்பினார்கள், தோட்டத்து மருந்தகத்திலிருந்து டிரெஸ்ஸர் வந்து கட்டுப்போட்டார், மூன்றாம் நாள்தான் அடங்கியது. வலது காதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நான் மாமா மகன் குமரனைக் கட்டிக்கொள்வேன் என்பது நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குள் பிடித்தும் இருந்தது. முறை மாப்பிள்ளை, குடும்பம் விட்டுப் போகாது, இதைவிட என்ன வேண்டும் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பேச்சை எடுத்த வாரமே சித்தி பஸ் ஏறிச் சிகாமட்டுக்கு வந்துவிட்டார்.

"அக்கா, உன்கிட்டயும் அந்தக் கெட்டது ஒன்னு இருக்கலாம். அண்ணன்கிட்டயும் இருக்கலாம். அது உங்க பிள்ளைங்ககிட்டயும் இருந்தா, நாளைக்கு பேரப்பிள்ளைக்கு ரெண்டும் சேந்துக்கும். மொதல்ல ரெண்டு பேருக்கும் ஜீன் டெஸ்ட் எடுங்க."

அம்மாவும் மாமாவும் கலந்து பேசினார்கள். டெஸ்ட்தானே, எடுத்தால் போயிற்று. நானும் குமரனும் பக்கத்துக் கிளினிக்கில் போய் ரத்தம் கொடுத்தோம். இருவருக்கும் கவுண்ட் பிரமாதம். அந்தச் சீட்டுகளை அம்மா ஜாதகத்தோடு சேர்த்து, மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் பொருத்தம் பார்த்துக் குங்குமம் வைத்தவர்கள் நாங்கள்தான்.

சித்தி சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது ஆள எண்ணுனது. கைய எண்ணல. இந்த டெஸ்ட்ல எனக்கே நார்மல்னுதான் வரும்."

"கிளினிக் டாக்டரே ஓகே சொல்லிட்டாரு லா. நீ ஏன் சும்மா பயமுறுத்துற?" என்றார் மாமா.

மூன்று மாதம் விடவில்லை. போன் மேல் போன். எங்கே எடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். நாள் குறித்த பிறகும் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "உங்களுக்குக் கல்யாணம் ஆகலன்னா என் கல்யாணத்த ஏன் சித்தி கெடுக்கறீங்க?"

சித்தி கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் நாங்கள் பேசவே இல்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது இல்லை. குமரனுக்குக் கோத்தா திங்கியில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, அங்கேயே குடிபோனோம். மகள் பிறந்தாள். ஐந்தாவது மாதத்தில், அழுது ஓய்ந்தபின் அவள் கண்ணைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. எறும்பு என்றேன். என் அண்ணன் அவளை அக்குளில் பிடித்துத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால், மறுநாள் விரல் பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். கொசு என்றேன். கிளினிக்கில் கவுண்ட் பார்த்தேன், நார்மல். அந்தச் சீட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பவுடரை அள்ளிப் பூசி, நீளக் கைச் சட்டை போட்டுவிட்டேன். குமரன் கேட்டால் வேர்க்குரு என்று சொல்வேன். சித்தி சொன்னதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தை மறக்காமல் ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் பார்க்காமல் இருந்தேன். பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் சிரித்தது ஒருவரை, உண்மையில் பயந்து செத்துக்கொண்டிருந்தது வேறொருத்தி.

ஒரு வயதானதும் காது குத்த வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மொட்டை மட்டும் வேண்டாம், கத்தரியால் பூமுடி எடுத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். சளிப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து ஒப்புக்கொண்டார்கள். காதுக்கு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை. கோவிலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரம் குறித்தார்கள். தாய்மாமன் மடி வேண்டும் என்பதால் என் அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். மகள் அவன் மடியில் இருந்து மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்தார். 

அப்போது சித்தி உள்ளே வந்தார். அரக்குச் சேலை, தோளில் துணிப்பை. யார் அவருக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது, அம்மாவாகத்தான் இருக்கும். யாரையும் பார்க்காமல் நேராக வந்து ஆசாரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆசாரி, மொதல்ல எனக்குக் குத்துங்க."

ஆசாரி சிரித்தார். "என்னம்மா இது, பிள்ளைக்குத்தானே விசேஷம்."

"பிள்ளைக்கும் குத்தலாம். எனக்குக் குத்தி, ரத்தம் நிக்குதான்னு பாத்துட்டுக் குத்துங்க."

"என்ன லா இது, நல்ல நாளும் அதுவுமா" என்று மாமா முன்னால் வந்தார்.

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நான் வாயால சொல்லி முடிச்சிட்டேன் அண்ணே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டேன். இப்ப பாருங்க, போதும்."

கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "நீ பாரு."

நான் வாங்கிக்கொண்டேன். ஸ்டேப்ளரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர், தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார். அவர் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டதால் வந்தவர் இல்லை அவர், அவ்வளவு பயத்தையும் சுமந்துகொண்டு வந்திருந்தார். ஆசாரி ஒருமுறை மாமாவைப் பார்த்தார், பிறகு குத்திவிட்டார்.

முதலில் ஒரு பொட்டுதான் வந்தது. ஆசாரி பஞ்சால் ஒற்றினார். இன்னொரு பொட்டு. மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பஞ்சை மாற்றினார். பத்து நிமிடத்தில் அது பொட்டாக இல்லை, காதிலிருந்து கோடாக இறங்கிச் சேலைக்குள் போயிற்று. அரக்குச் சேலையில் தெரியவில்லை. முந்தானை நுனியிலிருந்து வெள்ளைத் தரையில் சொட்டியபோதுதான் எல்லாரும் பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குச் செத்துப்போன தன் அண்ணனின் பல் ஞாபகம் வந்திருக்கும்.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் சித்தி.

"பதினெட்டு."

"இன்னும் பாருங்க" என்றார். உதடு வெளுத்திருந்தது.

என் அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசியிலிருந்து தள்ளிப் போய் நின்றான். நான் எழுந்து போய் அவன் கையிலிருந்து அவளை வாங்கினேன். பட்டுச் சட்டையை மேலே தூக்கி, ஈரத்துணியால் பவுடரைத் துடைத்தேன். அக்குளில் நாலு விரல், முதுகில் ஒரு கட்டைவிரல், இடுப்பில் ஒட்டியாணம் பட்ட இடம் முழுக்க நீலம். எல்லாரும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினேன். "போதும் சித்தி" என்றேன்.

குமரன் காரை ஓட்டினான். குழந்தையை அம்மா மடியில் கொடுத்துவிட்டு நான் பின் சீட்டில் சித்தியின் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். துணி நனைந்து விரலிடுக்கில் சூடாக இறங்கியது. "மன்னிச்சிருங்க சித்தி. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று அழுதேன்.

"கைய எடுக்காத. அழுத்து" என்றார்.

அவசரப் பிரிவில் அவரைப் படுக்க வைக்கப் போனபோது, "மொதல்ல பிள்ளைக்கு ரத்தம் எடுங்க. கவுண்ட் வேணாம், சேருதான்னு பாருங்க" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். துணிப்பையிலிருந்து தன் பழைய மருத்துவக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் எங்களைக் கவுண்ட் பார்த்து மறுபடியும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மகளின் முடிவு வர மூன்று வாரம் ஆனது. கொக்கியில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஒரு சாயத்தை ரத்தத்தில் கலந்து பார்ப்பார்களாம். என் ரத்தத்தில் பாதி வெளிச்சம், குமரன் ரத்தத்தில் பாதி வெளிச்சம். மகள் ரத்தத்தில் இருட்டு. டாக்டர் அதைப் படமாகக் காட்டினார். அதற்குமேல் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மடியிலேயே இருந்த இரண்டு கெட்ட குறிப்புகளைத்தான் அன்றைக்கு வெற்றிலைத் தட்டில் மாற்றிக்கொண்டோம்.

சித்தியின் காது தையலுக்கும் மாத்திரைக்கும் முழுக்க அடங்கவில்லை. இரண்டாம் நாள் பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்றார்கள். சித்தி அதற்கு எப்போதும் யோசிப்பவர். அடுத்தவர் பிளேட்லெட்டில் கொக்கி இருக்கும், சித்தியின் உடம்பில் அது பிறவியிலேயே இல்லை. உடம்பு அதை அந்நியம் என்று எதிர்க்கப் பழகிவிடும். பழகிவிட்டால் பிறகு எத்தனை பை ஏற்றினாலும் வீண். அதனால் உயிர் போகிற நேரத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அன்றைக்கு, "சரி, ஏத்துங்க" என்றார். ஓட்டை தூர்ந்ததும் அங்கேயும் ஒரு தழும்பு வந்தது. "இப்ப ஜோடி சேந்துருச்சு" என்று என்னிடம் காதைக் காட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து மேசை முனைகளுக்குப் பஞ்சு கட்டினார், கத்திகளை எடுத்துப் போனார். மகள் விழுந்தால் நானும் அவரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்போம். பிறகு ஒருநாள் அவருக்குக் குடலுக்குள் கசிவு வந்தது. பை பையாக ஏற்றினார்கள், மணலில் ஊற்றிய தண்ணீராகப் போயிற்று. வேறொரு விலையுயர்ந்த மருந்து வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. காதுக்காக ஏற்றிய அந்த ஒரு பையால்தான் இப்படி ஆயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன். முன்பும் சில தடவை ஏற்றியிருக்கிறார்கள், இந்தப் பைதான் என்று சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். நான் அதை நம்பவில்லை.

மகளுக்கு இப்போது ஆறரை வயது. மூளிக் காதோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு மாதமாகக் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நான் இரவில் தூங்கியது குறைவு. பேர் தெரியாத அந்த ஏழு வயது மாமாவை நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

போன சனிக்கிழமை காலையில் ரொட்டி கடிக்கும்போது பல் விழுந்தது. குமரன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மாத்திரையைக் கரைத்து, துணியை நனைத்து, அவள் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, மேலே என் விரலால் அழுத்தினேன். கையில் சித்தியின் கடிகாரம். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. துணி ஓரம் சிவந்தது. அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது. எடுக்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில்தான் மெதுவாகத் துணியை விலக்கினேன்.

நின்றிருந்தது. குமரன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மகள் கண்ணாடி முன்னால் போய் இடைவெளியைப் பார்த்தாள். நாக்கால் மற்ற பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். "இன்னும் எத்தன விழும்மா?" என்று கேட்டாள்.

பத்தொன்பது என்றேன். கடிகாரத்தைக் கழற்றாமல், சித்தியைப் போல அதன் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.